அறுபதாயிரம் கொடுத்தால் நல்ல கட்டுரை வருமா?

கேள்வி: மார்த்தாண்டத்தில் அச்சகம் வைத்திருக்கிறோம். பக்கத்துக் கல்லூரி ஒன்றின் தமிழாய்வு இதழை நாங்களே வெளியிடுகிறோம். அந்தக் கல்லூரி ஆசிரியர்களைத் தவிர யாரும் அதிகம் எழுதுவதில்லை. வெளியிலிருந்து வந்த மூன்று கட்டுரைகள் ஆசிரியர் குழுவிடம் எட்டு மாதமாகக் கிடக்கின்றன. 60,000 ரூபாய் கொடுத்தால் ஸ்கோப்பஸ் என்ற உலக ஆய்விதழ்ப் பட்டியலில் சேர்த்துவிடுவதாகவும், அப்புறம் கட்டுரைகள் குவியும் என்றும் ஒரு ஏஜென்ட் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஸ்கோப்பஸுக்கு விண்ணப்பிக்கக் கட்டணமே கிடையாது. இரண்டு வருட இதழ்கள் வெளிவந்திருக்க வேண்டும், கட்டுரைச் சுருக்கம் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும், பிறகு அவர்களுடைய குழு பார்த்து முடிவு செய்யும். இதில் ஏஜென்ட்டுக்கு என்ன வேலை? இதழுக்கான அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னும் டெல்லி தேசிய மையத்தில் இலவசம்தான். அதற்கும் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். 'யுஜிசி அங்கீகாரம்' என்று யாராவது ஆரம்பித்தால் உடனே போனை வையுங்கள். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) ஏற்ற இதழ்களின் யுஜிசி-கேர் பட்டியலே 2025 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டுவிட்டது. 2019 முதல் ஆசிரியர்களை அதன் பின்னால் ஓடவிட்டு, கடைசியில் தரத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று கல்லூரிகள் தலையில் கட்டிவிட்டார்கள். இந்தக் குழப்பத்தில்தான் ஏஜென்ட்டின் பிழைப்பு ஓடுகிறது.

பணம் கட்ட வேண்டிய இடம் ஒன்று உண்டு. கட்டுரைக்கான நிரந்தர எண்ணான டிஓஐ. அதைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்புக்கு ஆண்டுச் சந்தா, கட்டுரை ஒன்றுக்குச் சிறு தொகை. அது நியாயமான செலவு. ஆனால் உங்கள் பெயரில் கணக்குத் திறந்து வாங்குங்கள். அடுத்தவர் கணக்கில் வாங்கினால், அவர் கடையைச் சாத்திய பிறகு, அந்த எண் காட்டும் இணைய முகவரியைத் திருத்துவதே பெரும்பாடாகிவிடும். ரசீதிலும் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, நல்ல ஆய்வாளர் எதைப் பார்த்து வருவார்? உங்கள் இதழின் பிடிஎஃப்பில் ஒரு வரியை காப்பி செய்து வேர்டில் ஒட்டிப் பாருங்கள். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் பக்கம் கட்டியிருந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். சின்னமுட்டத்தில் ஒரு வருடம் அலைந்து, கச்சான் காற்றைப் பற்றிக் கடலோடிகள் சொன்னதை ஒருவர் எழுதியிருப்பார். கூகுளில் 'கச்சான்' என்று தேடுகிறவர் கண்ணில் அது படவே படாது. அவர் ஏன் உங்களுக்கு இரண்டாவது கட்டுரை தர வேண்டும்? எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரியும், தேடினால் கிடைக்கும் யூனிகோடு எழுத்துமுறைக்கு மாறுங்கள். இதைப் பேராசிரியர்கள் செய்ய மாட்டார்கள், உங்கள் டிடிபி மேசையில்தான் நடக்கும்.

கட்டுரை வந்த அன்றே 'கிடைத்தது' என்று பதில் போக வேண்டும். மதிப்பீட்டாளருக்கு நினைவூட்ட வேண்டும். இதற்கு உங்கள் ஆள் ஒருவரை ஒதுக்குங்கள். கட்டுரை தேறுமா என்ற முடிவில் மட்டும் நீங்கள் தலையிடாதீர்கள். முதல் வேலையாக, ஆசிரியர் குழுவிடம் உட்கார்ந்து அந்த மூன்று கட்டுரைகளுக்கும் முடிவைக் கேட்டு வாங்குங்கள். வேண்டாம் என்றாலும் காரணத்தோடு எழுதிவிடுங்கள், வேறு இதழுக்காவது அனுப்பிக்கொள்வார்கள்.