லாப்ஸ்டர் போன்ற சாய்வெழுத்துருவைத் தலைப்புக்கு மட்டும் பயன்படுத்தச் சொல்வது ஏன்?

பெரிய அளவில், சில சொற்களுக்கு மட்டும் பயன்படுத்துவதற்கென வரையப்படும் எழுத்துருவைக் காட்சி எழுத்துரு என்கிறோம். அர்ஜென்டினாவைச் சேர்ந்த பாப்லோ இம்பல்லாரி வடிவமைத்து, 2010இல் இலவசமாக வெளிவந்த லாப்ஸ்டர் அவ்வகையைச் சேர்ந்தது. தடித்துச் சாய்ந்த அதன் ஆங்கில எழுத்துகள் கையெழுத்தைப் போல ஒன்றோடொன்று இணைகின்றன. இணைப்புக்காக எழுத்தின் வடிவத்தைக் குறுக்காமல், அடுத்து வரும் எழுத்துக்கேற்ப ஒரே எழுத்துக்குப் பல வடிவங்களை அவர் வரைந்து வைத்தார்; பொருத்தமானதை மென்பொருள் தானே தேர்ந்துகொள்கிறது. இந்த எழுத்துருவின் உண்மையான அழகு இதில்தான் இருக்கிறது என்பேன்.

பத்தியை வாசிக்கும் கண், எழுத்துகளின் உள்ளேயும் இடையேயும் உள்ள வெற்றிடத்தை நம்பியே விரைகிறது. தடித்த கோடுகளும் சுழிகளும் சிறிய அளவில் அவ்வெற்றிடத்தை அடைத்துவிடுவதால், கடைப்பலகையில் கவர்ந்த அதே எழுத்து நான்கு வரிகளுக்குள் சலிப்பூட்டுகிறது. ஊறுகாய் இலையின் ஓரத்தில் இருக்கும்வரைதான் சுவை. முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளாலேயே அமைத்தாலோ இணைப்பின் ஓட்டமே நின்றுவிடும்.

நேரெழுத்தைக் கணினியில் சாய்த்தாலே சாய்வெழுத்தாகிவிடும் என்று பலர் கருதுகின்றனர்; ஆனால் அச்செழுத்து வெட்டும் கலைஞர் பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டித் தர, வெனிஸில் பதிப்பாளர் ஆல்டஸ் மனூட்டியஸ் 1501இல் நூல் முழுவதையும் அச்சிடப் பயன்படுத்திய சாய்வெழுத்தே கையெழுத்தைப் பின்பற்றித் தனியாக உருவாக்கப்பட்டதுதான்.