ஃபேன் சத்தத்துக்கு ஃபோம் மருந்தல்ல

கேள்வி: வீட்டில் குழந்தைகளுக்கான கதைகளைப் படித்துப் பதிவு செய்கிறேன். மேஜைக்கு அடியில் சிபியு, மேலே கண்டென்சர் மைக். சீலிங் ஃபேனை நிறுத்தினாலும் பதிவில் ‘ஊ’ என்று ஒரு சத்தம் விடாமல் கேட்கிறது. பின்னிரைச்சல் மைனஸ் 60 டெசிபெலுக்கு மேல் இருப்பதாகச் சொல்லி, ஒலிநூல் தளம் ஒன்று திருப்பி அனுப்பிவிட்டது. சுவர் முழுக்க ஃபோம் ஒட்டினால் சரியாகிவிடும், 22,000 ரூபாய் ஆகும் என்கிறார் கடைக்காரர். ஒட்டலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: ஒட்டாதீர்கள்.

ஃபோம் செய்கிற வேலை வேறு. உங்கள் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வருவதைக் கொஞ்சம் குறைக்கும். அதுவும் ஒரு அங்குல ஃபோம் என்றால் கீச்சு ஒலிகளை மட்டும்தான் உறிஞ்சும். இரண்டடி தள்ளி சிபியுவுக்குள் ஓடுகிற ஃபேனின் சத்தம் சுவர் வரை போய்விட்டா மைக்குக்கு வருகிறது? விற்பவருக்கும் இது தெரியும். ஃபோம் பலிக்காவிட்டால் அடுத்து இரைச்சல் நீக்கும் மென்பொருளைத் தலையில் கட்டுவார். லேசாகப் போட்டால் பரவாயில்லை, கூட்டினால் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடும். முட்டை அட்டை ஒட்டச் சொல்கிறவர்களும் உண்டு. கரப்பான்பூச்சி வளர்க்க நல்ல வழி.

சரி, செய்ய வேண்டியது என்ன? மைக்கை வாய்க்கு அருகே கொண்டுவாருங்கள். ஒன்றரை அடியில் இருப்பதை அரை அடிக்கு இழுத்தால் குரல் 9 டெசிபெலுக்கு மேல் ஏறும். அந்த அளவுக்கு கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு) இறக்குங்கள், ஃபேன் சத்தமும் கூடவே இறங்கிவிடும். ‘ப’, ‘ட’ வெடிக்காமலிருக்க மைக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். பெரும்பாலான கண்டென்சர் மைக்குகள் முன்னால் வருவதை நன்றாகக் கேட்கும், முதுகுப்பக்கம் செவிடு. அந்த முதுகு சிபியுவைப் பார்க்கட்டும்.

அடுத்து சிபியு. மூடியைக் கழற்றி புளோயரால் தூசியை ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போய்விடும். விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் ‘மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்’ என்பதை 100-இலிருந்து 99 ஆக்கினால், பல கணினிகளில் பிராசஸர் தானாக வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் டர்போ நின்று சூடு தணியும். ஃபேனின் வேகம் பாதியானாலே சத்தம் ஏறத்தாழ 15 டெசிபெல் குறையும். சிபியுவை மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். காற்றில்லாமல் சூடேறி ஃபேன் இன்னும் அலறும்.

இதெல்லாம் போதாவிட்டால் மைக்கைப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோய்விடுங்கள். 10 மீட்டர் எக்ஸ்எல்ஆர் கேபிள் (மூன்று பின் உள்ள மைக் கேபிள்) போதும், அந்த நீளத்தில் சத்தம் கெடாது. ரெக்கார்டை அழுத்திவிட்டுப் போய்க் கதவைச் சாத்துங்கள். துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து அதன் முன்னால் உட்கார்ந்து படியுங்கள். தப்பு வந்தால் ஒரு கைதட்டல், அப்புறம் அந்த வரியை மறுபடி படியுங்கள். திருத்தும்போது அலைவடிவத்தில் அந்தத் தட்டல் ஊசி போல நிமிர்ந்து நிற்கும், தேட வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றை முதலில் சோதியுங்கள், எல்லோரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பாண்டம் பவரை (கேபிள் வழியே மைக்குக்குப் போகும் மின்சாரம்) அணைத்து, மைக் கேபிளைக் கழற்றிவிட்டு, கெயினை மாற்றாமல் பத்து நொடி பதிவு செய்யுங்கள். அப்போதும் அதே ‘ஊ’ கேட்டால் அது ஃபேனே இல்லை. காதில்லாமல் எப்படிக் கேட்கும்? அது பெரும்பாலும் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முணுமுணுப்பு. எத்தனை ஃபேன் மாற்றினாலும் போகாது. சிபியுவின் இரும்பைத் தொட்டபோது எப்போதாவது விரலில் ‘சுரீர்’ என்றிருந்தால் சந்தேகமே வேண்டாம், உங்கள் பிளக்பாயின்டில் எர்த் வேலை செய்யவில்லை. மூன்று துளை இருக்கும், மூன்றாவதில் வயரே இருக்காது. ஏராளமான வீடுகளில் இதுதான் நிலைமை. வயரிங் செய்தவரும் சொல்ல மாட்டார், பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்க்கவும் மாட்டார்கள், கையெழுத்து மட்டும் ஆகிவிடும். எர்த் பின்னை உடைத்தால் முணுமுணுப்பு போகும் என்று யாராவது சொன்னால் அவரை வீட்டுக்குள் விடாதீர்கள், அது உயிருக்கு உலை. நல்ல எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிசெய்யுங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் சத்தம் கூடுகிறதென்றால், சீரான அலையாக இல்லாமல் கட்டம் கட்டமாக மின்சாரம் தரும் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும். கரண்ட் வரும்வரை பதிவை நிறுத்திவையுங்கள்.

கேபிள் வாங்கப் போகும்போது அதே கடைக்காரர் தங்க முலாம் பூசியது என்று ஒன்றை எடுத்து நீட்டுவார். சாதாரணமானதையே வாங்குங்கள்.