எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சை: பத்தாம் நாள் இரவு போனை எடுப்பது யார்?

கேள்வி: எனக்கு வயது 41. உயரம் 158 செ.மீ., எடை 109 கிலோ. ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் இருக்கின்றன. இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். அடிக்கடி நெஞ்செரிச்சல் வரும். இரைப்பையைச் சிறிதாக்கும் ‘ஸ்லீவ்’ அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளச் சொல்கிறார்கள். ஏற்பாடுகளைக் கவனிக்கும் ஒருங்கிணைப்பாளர், “மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய்விடலாம், அப்புறம் மாத்திரையே வேண்டாம்” என்கிறார். இந்த வாரமே முன்பணம் கட்டினால் சலுகையாம். என் கணவரின் அலுவலகத்தில் ஒருவர் இதே சிகிச்சைக்குப் பிறகு இரண்டு மாதம் மருத்துவமனையிலேயே கிடந்தார் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. இதில் உயிருக்கு ஆபத்து உண்டா டாக்டர்?

பதில்: நேராகக் கேட்டிருக்கிறீர்கள், நேராகவே சொல்லிவிடுகிறேன். உண்டு. பெரும்பாலானோர் பயப்படுவது மயக்க மருந்துக்கும் கத்திக்கும்தான். அந்த இரண்டு மணி நேரம் உங்களைச் சுற்றிக் கருவிகளும் ஆட்களும் இருப்பார்கள். நான் பயப்படுவது, நீங்கள் வீடு திரும்பிய பிறகு வரும் இரண்டு மூன்று வாரங்களுக்கு.

முதலில் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவில் பத்து மையங்களில் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வில், முதன்முறையாக எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 4,776 பேரில் முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் 0.3 சதவீதம். ஆயிரத்துக்கு மூன்று பேர். இன்று நல்ல மையங்களில் இது இன்னும் குறைந்து, பித்தப்பையை எடுக்கும் சிகிச்சையோடு ஒப்பிடும் அளவுக்கு வந்திருக்கிறது. உங்கள் உயரத்துக்கும் எடைக்கும் உடல் நிறைக் குறியீடு 43-ஐத் தாண்டுகிறது. 35-க்கு மேல் போனாலே, வேறு நோய் இல்லாவிட்டாலும் பரிந்துரைக்கலாம் என்பது 2022-ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல். ஆகவே உங்களுக்கு இதைச் சொன்ன டாக்டர் தவறாகச் சொல்லவில்லை. சர்க்கரை நோயுடன் இதே எடையில் இன்னும் இருபது ஆண்டு கழிப்பதும் ஆபத்தில்லாத வழி ஆகாது.

“நல்ல மையங்களில்” என்று சொன்னேன் அல்லவா, விஷயமே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

ஸ்லீவ் என்றால் சட்டைக் கை. இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேலே வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சட்டைக் கை மாதிரி ஒரு குறுகிய குழாயாக விடுகிறார்கள். வெட்டிய விளிம்பு நெடுகிலும் உலோகத் தையல், அதாவது ஸ்டேப்பிள். எடுத்ததை மறுபடி ஒட்டவைக்க முடியாது. இது திரும்பிவர வழியில்லாத சிகிச்சை. இந்த நீண்ட தையலில் எங்காவது, பெரும்பாலும் உணவுக்குழாயை ஒட்டிய மேல்முனையில், ஓர் ஊசிமுனை அளவு பிரிந்தால் இரைப்பையில் உள்ளது வயிற்றுக்குள் கசியும். நூற்றில் ஒருவருக்கு நேரலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணவரின் அலுவலக நண்பருக்கு நடந்தது அநேகமாக இதுதான். கசிவு ஆறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும்; குழாய் வைத்துச் சீழை வெளியேற்றி, ஆகாரத்தை வேறு வழியில் கொடுத்து, பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்புவதில் தவறில்லை. அதற்கு முன்பே அனுப்புகிற நல்ல மையங்களும் இருக்கின்றன. சிக்கல் எங்கே என்றால், கசிவு பெரும்பாலும் நீங்கள் வீட்டுக்குப் போன பிறகுதான் தலைகாட்டும். ஐந்தாம் நாளோ பத்தாம் நாளோ, சில சமயம் அதற்கும் பிறகோ. கொழுப்பு மிகுந்த வயிற்றில் வழக்கமான அடையாளங்கள் மங்கியே தெரியும். வயிறு கல் போல் இறுகாது. காய்ச்சல் தாமதமாக வரலாம். முதலில் காட்டிக்கொடுப்பது நாடி. சும்மா படுத்திருக்கும்போது நிமிடத்துக்கு 120-க்கு மேல் துடித்தால், “நாளைக் காலை பார்க்கலாம்” என்ற பேச்சே கூடாது. மூச்சு வாங்குதல், இடது தோளில் வலி, காரணமில்லாத ஒரு பதற்றம் ஆகியவையும் சேரலாம். வீட்டில் ஒருவருக்காவது மணிக்கட்டில் விரல் வைத்து நாடி எண்ணத் தெரிந்திருக்கட்டும். கடிகாரத்தைப் பார்த்து முழு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குகிறவர்கள் தப்பாகப் பெருக்குவதைப் பார்த்திருக்கிறேன்.

இதில் ஒரு விதிவிலக்கு. உங்களுக்குப் பொருந்தக்கூடும் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன் என்றவர், எந்த மாத்திரை என்று எழுதவில்லை. அட்டையை எடுத்துப் பாருங்கள். அட்டெனோலால், மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால் என்று ‘லால்’ போட்டு முடிகிற பெயரா? இந்த வகை மாத்திரைகள் இதயத்துடிப்பைக் கட்டிப்போடுகிறவை. வயிற்றுக்குள் கசிவு இருந்தாலும் நாடி 120-ஐத் தொடாது; 95-லோ 100-லோ நின்றுவிடும். நோயாளி நிம்மதியடைவார். அவசரப் பிரிவில் இருக்கும் இளம் மருத்துவரும் நிம்மதியடைவார். இரண்டு பேரும் ஏமாந்துபோவார்கள். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்துவது இதயத்துக்கு ஆபத்து. சிகிச்சைக்கு முந்திய வாரம் தினமும் காலையில் எழுந்தவுடன் நாடியை எண்ணிக் குறித்து வையுங்கள். உங்களுடைய வழக்கமான எண் 64 என்றால், பிறகு வருகிற 95 உங்களுக்கு ஒரு எச்சரிக்கை. மருத்துவமனைக்குப் போகும்போது அந்தக் குறிப்பையும் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு போய், “நான் இந்த மாத்திரை சாப்பிடுகிறேன், எனக்கு வழக்கமாக இவ்வளவுதான் இருக்கும்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர்களாகக் கேட்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். கேட்கமாட்டார்கள்.

அடுத்தது காலில் உறையும் ரத்தம். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் சில நிமிடங்களில் உயிர் போகலாம். ஆரம்ப நாள்களின் மரணங்களில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. அன்று மாலையே எழுந்து நடக்கச் சொல்வதும், வீட்டுக்குப் போன பிறகும் சில வாரங்களுக்கு ரத்தம் உறையாமலிருக்க ஊசி எழுதித் தருவதும் இதற்காகத்தான். ஊசி வலிக்கிறது என்று பாதியில் விட்டவர்களை எனக்குத் தெரியும். ரத்தக் கசிவும் நேரலாம். அது பெரும்பாலும் முதல் ஓரிரு நாளிலேயே, மருத்துவமனையில் இருக்கும்போதே தெரிந்துவிடும்.

இப்போது வாந்திக்கு வருகிறேன். புதிதாகச் சிறுத்த இரைப்பை முதலில் முரண்டு பிடிக்கும், கொஞ்சம் வாந்தி வரும். ஆனால் தண்ணீர்கூடத் தங்காமல் நாள்கணக்கில் நீடித்தால் உடலில் உள்ள தயமின், அதாவது வைட்டமின் பி1, தீர்ந்துபோகும். அது இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் சேமிப்பில் இருக்காது. தீர்ந்தால் பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். கவனிக்காமல் விட்டால் நினைவாற்றல் நிரந்தரமாகவே போகும். சோர்ந்து கிடக்கிறாரே என்று அருகிலுள்ள இடத்தில் குளுக்கோஸ் டிரிப் ஏற்றிவிடுவார்கள். தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மிச்சமிருக்கும் கொஞ்சமும் தீர்ந்து நிலைமை மோசமாகும். “எனக்கு எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது, முதலில் தயமின் கொடுங்கள்” என்ற வாக்கியத்தை நீங்களும் வீட்டாரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நோயாளி மனப்பாடம் செய்துதான் உயிர் பிழைக்க வேண்டியிருக்கிறது, என்ன செய்வது!

அந்த ஒருங்கிணைப்பாளர் விஷயத்துக்கு வருவோம். இவர்களில் பலர் மருத்துவமனை ஊழியர்களே அல்லர். ஆள் சேர்த்துவிட்டால் கமிஷன் பெறுகிற இடைத்தரகர்கள். இனிமையாகப் பேசுவார்கள், முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் காட்டுவார்கள். ஒருவர் மெலிந்து நிற்கும் படத்தில் அவருடைய ரத்தப் பரிசோதனை தெரியாது. இரண்டு மாதம் படுக்கையில் கிடந்தவரின் படத்தை யாரும் காட்டமாட்டார்கள். இந்த வாரத்துக்குள் பணம் கட்டு என்று அவசரப்படுத்துவதற்கு மருத்துவத்தில் ஒரு காரணமும் இல்லை. இது குடல்வால் வெடிக்கிற அவசரம் அல்ல. சொல்லப்போனால், முறையாகச் செய்கிற இடத்தில் உங்களைக் காக்க வைப்பார்கள்: உணவியல் நிபுணரைப் பார்க்க வேண்டும், மனநல ஆலோசனை வேண்டும், தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும், கல்லீரல் சுருங்குவதற்காக இரண்டு வாரம் கடும் உணவுக் கட்டுப்பாடு இருக்க வேண்டும். வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ அழைத்துப்போய்ச் செய்துவைக்கிற ஏற்பாடு என்றால் இன்னும் மோசம். ஐந்தாம் நாள் பயணம், பத்தாம் நாள் கசிவு, செய்தவர் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்.

இப்படி வந்தவர்களை நள்ளிரவில் பார்த்திருக்கிறேன். கையில் ஒரு டிஸ்சார்ஜ் காகிதம். அதில் “எடைக்குறைப்புச் சிகிச்சை, நலம்” என்று ஒரே வரி. என்ன வெட்டினார்கள், எதை எதோடு இணைத்தார்கள் என்று ஒரு சொல் இல்லை. வரைபடம் இல்லாத ஊரில் வழி தேடுகிற மாதிரி நாங்கள் வயிற்றைத் திறக்க வேண்டும். கார் பழுதுபார்க்கிற இடத்தில்கூட மாற்றிய பாகத்தின் பெயரை எழுதித் தருகிறார்கள். எனவே பணம் கட்டுவதற்கு முன் அறுவை மருத்துவரிடமே இரண்டு கேள்வி கேளுங்கள். பத்தாம் நாள் இரவு இரண்டு மணிக்கு எனக்கு உடம்பு முடியாமல் போனால் எந்த எண்ணில் கூப்பிட வேண்டும், யார் எடுப்பார்? மறுபடி அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால் இங்கேயே செய்வீர்களா, அந்தச் செலவு நீங்கள் சொன்ன தொகைக்குள் வருமா? “அதெல்லாம் உங்களுக்கு வராது” என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அறுவைச் சிகிச்சைக் குறிப்பின் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

“மாத்திரையே வேண்டாம்” என்பது பாதி உண்மை. சர்க்கரை மாத்திரை சில நாள்களிலேயே குறையும். குறைக்காமல் பழைய அளவிலேயே சாப்பிட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரும். சிலருக்கு முழுவதும் நின்றும்விடும், ஆண்டுகள் கழித்துத் திரும்பியும் வரும். ஆனால் வைட்டமின், இரும்பு, கால்சியம் மாத்திரைகள் ஆயுள் முழுவதும் வேண்டும். பி12 கல்லீரலில் ஆண்டுக்கணக்கில் சேமிப்பில் இருப்பதால் குறைபாடு மெதுவாகத்தான் தெரியும். அதற்குள் “நன்றாகத்தானே இருக்கிறேன்” என்று பலர் மாத்திரையை விட்டிருப்பார்கள். முதல் ஆண்டில் சில முறையும் பிறகு ஆண்டுக்கொரு முறையும் ரத்தப் பரிசோதனை. மூன்றாம் மாதத்திலிருந்து முடி கொட்டும், பயப்படாதீர்கள், பெரும்பாலும் திரும்ப முளைக்கும். வேகமாக இளைப்பதால் பித்தப்பையில் கல் சேரலாம். அதைத் தடுக்க ஆறு மாதம் ஒரு மாத்திரை தருவது வழக்கம். கர்ப்பம் தரிக்கும் எண்ணம் இருந்தால் ஒன்றரை ஆண்டு தள்ளிப்போடுங்கள்.

கடைசியாக, நீங்கள் போகிற போக்கில் எழுதிய நெஞ்செரிச்சல். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த வரிதான். ஸ்லீவ் செய்த இரைப்பை குறுகலான குழாய் என்பதால் உள்ளழுத்தம் கூடும், அமிலம் மேலே ஏறும். இருக்கிற நெஞ்செரிச்சல் கடுமையாகி, சிலர் பிறகு பைபாஸ் சிகிச்சைக்கு, அதாவது இரைப்பையின் மேல்பகுதியைச் சிறு பையாக்கிக் குடலோடு நேராக இணைக்கும் முறைக்கு, மாற வேண்டியிருக்கிறது. உங்களுக்கு முதலிலேயே பைபாஸ் பொருத்தமாக இருக்கலாம். அதிலும் தொல்லை இல்லாமல் இல்லை: மூட்டு வலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றைத் தொடக்கூடாது, புகையிலை கூடவே கூடாது, இரண்டுமே இணைப்பில் புண் உண்டாக்கும், ஆண்டுகள் கழித்தும் குடல் உள்ளுக்குள் சிக்கிக்கொண்டு வயிற்றைப் பிசையலாம். எது என்று முடிவு செய்ய எண்டோஸ்கோப்பி வேண்டும். அது செய்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. செய்திருந்தால் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதைச் செய்யாமல் முன்பணம் கட்ட வேண்டாம். முடிவு வந்ததும், உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியைப் பற்றி அறிக்கையில் உள்ள வரிகளை அப்படியே பார்த்து எழுதி அனுப்புங்கள்; அந்த ரத்த அழுத்த மாத்திரையின் பெயரையும் சேர்த்து.