குளிர் நாட்டு கிராமத்துல ரோட்டுல விழுற பனிய யாரு தள்ளுறது, அங்கயும் பஞ்சாயத்து தானா?

கேள்வி கேட்டவங்க, சிட்டிக்குள்ள பெரிய பெரிய லாரி பனியத் தள்ளிட்டுப் போற வீடியோவப் பாத்துட்டு, நாலஞ்சு வீடு மட்டும் இருக்குற கிராமத்து ரோட்டுக்கும் அப்படி வருவாங்களா, வந்தா செலவு யாரோடதுன்னு கேட்டிருக்காங்க. வருவாங்க. நான் இருந்த எடத்துல வந்தது நம்ம கிராமப் பஞ்சாயத்து அளவு கூட இல்லாத ஒரு சின்ன உள்ளாட்சியோட லாரி. செலவு பெரும்பாலும் அந்த ஊர்க்காரங்க கட்டுற வீட்டு வரி, நில வரில இருந்து தான்.

நான் கேரளால இடுக்கி மலைல பூப்பாறை பக்கம். தாத்தா காலத்துல போடில இருந்து மலையேறி ஏலக்காட்டு வேலைக்கு வந்த குடும்பம், வீட்ல தமிழ், ஸ்கூல்ல மலையாளம், கடைத்தெருவுக்குப் போனா ரெண்டும். நர்ஸிங் முடிச்சு ஆறு வருஷம் அமெரிக்கால நியூயார்க் மாநிலத்துல வேல பாத்தேன், நியூயார்க்னதும் அந்த உயரமான கட்டடமெல்லாம் ஞாபகம் வரும், அது தெக்க கடலோரத்துல இருக்கு, நான் இருந்தது ரொம்ப வடக்க, ஒன்டாரியோ ஏரிக்குக் கிழக்க டக் ஹில்னு ஒரு மேட்டு நிலம், அந்தப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துல. ஏரி மேல வர்ற குளிர்காத்து ஈரத்த அள்ளிக்கிட்டு வந்து அந்த மேட்டுல ஏறும்போது பனியாக் கொட்டிரும், நமக்கு எடவப்பாதில, அதான் ஜூன் மழைல, மேக்க இருந்து வர்ற மேகம் மலைல முட்டி மழையாக் கொட்டுது பாருங்க, அதே கதை தான். சில எடத்துல ஒரு சீசனுக்கு 200 இன்ச்சுக்கு மேல விழும், அதாவது 5 மீட்டர், மூணு ஆள் உயரம். ஒரே நாள்ல இல்ல, மாசக்கணக்குல விழுந்து விழுந்து.

நாம பனின்னா எல்லாத்தையும் அந்த ஒரு வார்த்தைல சொல்லிருவோம். காலைல மலைய மூடுற மூட்டமும் பனி, புல்லு நுனில நிக்கிற துளியும் பனி, ஜனவரில செண்டுவரை லட்சுமி எஸ்டேட் பக்கம் புல்லெல்லாம் வெள்ளையா உறைஞ்சு கெடக்குமே அதுவும் பனி. எல்லாமே வெயில் ஏறுனா போயிரும். அங்க விழுறது போகாது. புதுசா விழுந்த ஒரு மணி நேரம் பஞ்சு மாதிரி இருக்கும், அது மேல நாலு வண்டி ஏறி எறங்குச்சுன்னா அமுங்கி பலகை மாதிரி ஆயிரும், ராத்திரி குளிருக்கு அது கண்ணாடி ஆயிரும், அப்புறம் எந்த மெஷினாலயும் லேசுல பேக்க முடியாது. அதனால விழுந்த உடனே தள்ளணும், விழுந்துக்கிட்டே இருக்கும்போதே தள்ளணும். அங்க இருக்குற ஏற்பாடு எல்லாமே இந்த ஒரு காரணத்துல இருந்து தான் வருது.

அந்த மாநிலத்துல கிராமத்து உள்ளாட்சிய டவுன்னு சொல்றாங்க, பேரு தான் டவுன், பாதி எடத்துல மாட்டுப்பண்ணையும் காடும் தான். அப்படி 900க்கும் மேல இருக்கு. ஒவ்வொரு டவுனுக்கும் ரோட்டுக்குன்னே ஹைவே சூப்பரின்டெண்டன்ட்னு ஒருத்தர் உண்டு, நெறைய எடத்துல அவர ஊர்க்காரங்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்குறாங்க. தலைவருக்குத் தனி ஓட்டு, ரோட்டுக்காரருக்குத் தனி ஓட்டு. இத மொதல்ல கேட்டப்ப எனக்கு நம்பவே முடியல. எங்க டவுன்ல அவருக்குக் கீழ நாலஞ்சு பேரு, ஆள் பத்தலைன்னா அவரே லாரி ஓட்டுவாரு. பட்ஜெட்ட நவம்பர் 20க்குள்ள முடிச்சாகணும்னு சட்டம் இருக்கு, பனி தள்ள இவ்ளோ, உப்புக்கு இவ்ளோன்னு அதுலயே எழுதிருவாங்க. உப்பு கோடைலயே ஆர்டர் போயிரும், அந்த மாநிலத்துலயே பூமிக்கு அடில பெரிய உப்புச் சுரங்கம் இருக்கு, குளிர் வர்றதுக்குள்ள ஷெட்டுல மலையாக் குமிச்சு வெச்சிருப்பாங்க.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. ஒரு ஊருக்குள்ள மாநில ரோடு ஓடும், கவுண்டி ரோடு ஓடும் (கவுண்டின்னா நம்ம ஜில்லா மாதிரி), டவுன் ரோடு ஓடும். ரோடு யாரோடதோ அவங்க தான் தள்ளணும்னு விட்டா கவுண்டி லாரி முப்பது கிலோமீட்டர் காலியா வந்து ரெண்டு கிலோமீட்டர் தள்ளிட்டுப் போகணும். அதனால கவுண்டியும் சில எடத்துல மாநிலமும் டவுனோட முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டுக்கிறாங்க, எங்க ரோட்டையும் நீங்களே தள்ளுங்க, கிலோமீட்டர் கணக்குக்கோ மணிக்கணக்குக்கோ காசு தர்றோம்னு. ரோடு யாருக்குச் சொந்தங்குறதும், யாரு தள்ளுறாங்கங்குறதும் வேற வேற கேள்வி, ரெண்டாவது கேள்விக்கு பனி விழுறதுக்கு முன்னாடியே பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வெச்சிருக்காங்க.

பனி விழுற நாள்ல காலைல மூணு நாலு மணிக்கே சூப்பரின்டெண்டன்ட் பிக்கப் வண்டில ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு ஆளுங்களக் கூப்பிடுவாரு. மொதல்ல பெரிய ரோடு, அப்புறம் ஸ்கூல் பஸ் போற ரோடு, கடைசில முட்டுச்சந்து. லாரிக்கு முன்னாடி ஒரு பெரிய இரும்புத் தகடு, சைடுல இறக்கை மாதிரி இன்னொரு தகடு, அந்த இறக்கை தான் ஓரத்துல குமியுற பனிய இன்னும் தள்ளி ஒதுக்கும். அத ஒதுக்கலைன்னா அடுத்த வாரம் விழுற பனிக்கு எடமே இருக்காது, ரோடு வாரா வாரம் ஒடுங்கிக்கிட்டே வரும். பல லாரில ரெண்டு பேரு, ஒருத்தர் ஓட்ட, இன்னொருத்தர் அந்த இறக்கையத் தூக்கி எறக்க. பின்னாடி உப்போ, மணலும் உப்பும் கலந்ததோ தூவிக்கிட்டே போகும். உப்பு எல்லாக் குளிருக்கும் வேல செய்யாது, மைனஸ் 9 டிகிரிக்குக் கீழ போனா சாதா உப்பு ரொம்ப மெதுவாத் தான் உருக்கும், மைனஸ் 18ல போட்டும் பிரயோஜனம் கெடையாது, அப்ப டயருக்குப் பிடிப்புக்காக மணல் தான். மண் ரோட்டுல உப்பு போடவே மாட்டாங்க, போட்டா ரோடே சேறாயிரும், அங்க தகட்டையும் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுத் தான் ஓட்டணும், இல்லன்னா ஜல்லி பூரா வாரிக்கிட்டுப் போயிரும்.

எல்லா ரோட்டையும் தள்ள மாட்டாங்க, இதையும் சொல்லணும். யாரும் குடியிருக்காத காட்டு ரோட்டுக்கு டிசம்பர் 1ல இருந்து ஏப்ரல் 1 வரைக்கும் பராமரிப்பு கெடையாதுன்னு போர்டு வெச்சிருவாங்க. முடியாதத முடியாதுன்னு முன்னாடியே சொல்லிட்டா அந்த வழில போய் மாட்டிக்கிற ஆளாச்சும் குறையுமே.

கொறையும் இருக்கு. லாரி போற வேகத்துக்கு ஓரத்துல ஒதுங்குற பனி ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் வரப்பு கட்டிட்டுப் போயிரும், அத வீட்டுக்காரங்க தான் வெட்டணும், வெட்டி திரும்ப ரோட்டுல போட்டா சட்டப்படி தப்பு, எண்பது வயசு ஆளுங்க தனியா அத வெட்டி நெஞ்சுவலில வந்தத நானே பாத்திருக்கேன். போட்ட உப்பெல்லாம் உருகி மண்ணுக்குள்ள எறங்கி கிணத்துத் தண்ணிய கெடுக்குது. பக்கத்துல அடிரான்டாக் மலைல இது பெரிய பிரச்சனையாகி 2020ல உப்பக் குறைக்க வழி பாக்குறதுக்குன்னே ஒரு சட்டம் போட்டாங்க.

எல்லா மாநிலமும் ஒரே மாதிரி இல்ல. மிச்சிகன்ல சின்ன ஊர்களால முடியாதுன்னு 1931லயே சட்டம் போட்டு கிராமத்து ரோட்டையெல்லாம் கவுண்டி கைல குடுத்துட்டாங்க. மினசோட்டால காத்து பனிய அள்ளிக்கொண்டு வந்து ரோட்டுல குமிக்காம இருக்க, ரோட்டோரத்துல சில வரிசை மக்காச்சோளத்த அறுக்காம விடுங்கன்னு விவசாயிக்கு அரசாங்கம் காசு குடுக்குது. ஜப்பான்ல பனி அதிகமான ஊர்கள்ல கோடைல ரோடு போடுற உள்ளூர் கான்ட்ராக்டரே குளிர்ல பனி தள்ளுவாரு, நகராட்சி காசு குடுக்கும். நம்ம நாட்டுல இமாச்சல்ல பொதுப்பணித்துறை, காஷ்மீர்ல மெக்கானிக்கல் இன்ஜினியரிங் டிபார்ட்மென்ட், பெரிய கணவாய்களுக்கு பிஆர்ஓ (எல்லைப் பக்கத்து ரோட்டப் பாத்துக்குற மத்திய அரசு அமைப்பு), அங்கெல்லாம் பஞ்சாயத்து கைல மெஷின் கெடையாது. இமாச்சல்ல ரோத்தாங் கணவாய் மூடுனா அதுக்கு அந்தப் பக்கம் இருக்குற லாஹுல் ஜனங்க மாசக்கணக்குல வெளிய வர முடியாம கெடந்தாங்க, 2020 அக்டோபர்ல 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கம் தொறந்த பிறகு தான் அது மாறுச்சு.

ஒரு ராத்திரிய மட்டும் என்னால மறக்க முடியல. பிப்ரவரி மாசம், எங்க இல்லத்துல ஒரு பாட்டிக்கு மூச்சுத் திணறல், ஆக்சிஜன் அளவு எறங்கிக்கிட்டே இருக்கு, ஆஸ்பத்திரி முப்பது கிலோமீட்டர், வெளிய காத்துல பனி பறக்குறதுல பத்தடி தூரம் தெரியல. அங்க அவசரத்துக்குக் கூப்பிடுற 911க்கு ஃபோன் பண்ணேன். இருபது நிமிஷத்துல மொதல்ல கேட்டது சங்கிலி கட்டுன டயர் சத்தம், அப்புறம் தகடு ரோட்ட உரசுற சத்தம், அப்புறம் ஆரஞ்சு லைட்டு. டவுன் லாரி முன்னாடி தள்ளிக்கிட்டு வர, அது தள்ளுன தடத்துல ஆம்புலன்ஸ். யாரும் யாரையும் கெஞ்சல. கூப்பிட்டா அந்த லாரி முன்னாடி போகணும்னு முன்னமே பேசி வெச்சது. பாட்டிய ஏத்துற வரைக்கும் டிரைவர் இன்ஜின ஓட விட்டுட்டு ஜன்னல எறக்கி எங்களையே பாத்துக்கிட்டு இருந்தாரு, கதவு மூடுனதும் திருப்பி முன்னாடி போயிட்டாரு. பாட்டி பத்து நாள் கழிச்சு திரும்பி வந்தாங்க.

இப்ப எங்க ஊர் விஷயம். நமக்கு ரோட்டுல விழுறது மண்ணும் பாறையும் மரமும். தேவிகுளம் கேப் ரோடு 2019லயும் 2020லயும் சரிஞ்சு மாசக்கணக்குல அடைபட்டுக் கெடந்தது, மூணாறு போகணும்னா ராஜாக்காடு குஞ்சித்தண்ணி சுத்தித் தான். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கம் பெட்டிமுடில லயத்து மேல (தோட்டத் தொழிலாளிங்க இருக்குற வரிசை வீடு) மலையே வந்து 70 பேரு போனாங்க, வெளி உலகத்துக்குத் தெரிஞ்சது மறுநாள் காலைல. அப்ப நான் அமெரிக்கால இருந்தேன், ஃபோன்ல கேட்டுட்டு டூட்டி ரூம்ல உக்காந்து அழுதேன்.

போன வருஷம் துலா மழைல, அதான் ஐப்பசி மழைல, எங்க அப்பாவுக்கு ராத்திரி பத்து மணிக்கு வீசிங் கூடிருச்சு. ஜீப்புல ஏத்திக்கிட்டு ரெண்டு கிலோமீட்டர் போனா ரோட்டுல மண்ணு, ரெண்டு லோடு இருக்கும், கூடவே காப்பிச்செடியும் ஒரு பலாமரமும். அங்கருந்து ஒரு கிலோமீட்டர்ல கட்டட வேலைக்கு வந்த ஜேசிபி ஒண்ணு நின்னுச்சு, ஆபரேட்டர் தம்பியும் வண்டிலயே தான் படுத்திருந்தாரு. எழுப்பிக் கேட்டோம், "எனக்கு வர்றதுக்கு ஒண்ணுமில்லக்கா, ஓனர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்குறேன்"னாரு. ஓனர் ஃபோன்ல, ஆர்டர் யாரு குடுத்தா, மணிக்கூலி யாரு தருவா, அள்ளும்போது மேல இருந்து இன்னும் சரிஞ்சா யாரு பொறுப்புன்னு கேட்டாரு. அவர் கேட்டதுல தப்பு இல்ல. ஒரு ஆபீஸுக்குக் கூப்பிட்டா அந்த ரோடு எங்களோடது இல்லன்னாங்க, இன்னொரு ஆபீஸ்ல காலைல எழுதிக் குடுங்கன்னாங்க. கடைசில பக்கத்து லயத்து ஆளுங்க பதினஞ்சு பேரு மம்பட்டியோட வந்து ஒரு ஆள் நடக்குற அளவுக்கு வழி வெட்டி, அப்பாவ பிளாஸ்டிக் சேர்ல உக்கார வெச்சு தூக்கி அந்தப் பக்கம் எறக்குனாங்க. அங்க பூப்பாறைல இருந்து ஒரு சேட்டன் ஜீப் கொண்டு வந்து நின்னாரு, போடிமெட்டு எறங்கி பதினேழு கொண்டை ஊசி வளைவும் தாண்டி போடில நெபுலைசர் வெக்கும்போது மணி ஒண்ணே முக்கால். வழி பூரா அப்பா கைய நாடி பாக்குற மாதிரி பிடிச்சுக்கிட்டே வந்தேன், வேற எதுவும் என் கைல இல்ல. அப்பா இப்ப நல்லா இருக்காரு.

அந்த ஊர்ல இருந்த லாரி தான் நம்மகிட்ட இல்ல, மத்தபடி இடுக்கி மலைல ஜேசிபிக்குப் பஞ்சமே இல்ல, எந்த வளைவுல நின்னு பாத்தாலும் ஒண்ணு தெரியும். இல்லாதது மே மாசமே உக்காந்து எழுதி வெக்கிற அந்தப் பேப்பர். எந்த ரோட்டுல மண்ணு விழுந்தா எந்த வண்டி வரும், மணிக்கு என்ன ரேட், காசு எந்தக் கணக்குல, ராத்திரில யாரு சரின்னு சொல்லணும், மொதல்ல எந்த ரோடு. கிராமசபைல இதத் தான் கேட்டேன், ரோடு எந்த ஆபீஸோடதா வேணா இருக்கட்டும், அள்ளுறது யாருன்னு இப்பவே எழுதுங்கன்னு. மினிட்ஸ்ல எழுதிக்கிட்டாங்க.

அது வர்ற வரைக்கும் எங்க லைன் ஆளுங்க சேந்து வீட்டுக்கு இவ்ளோன்னு ஒரு தொகை எடுத்து டீக்கடைக்காரர்கிட்ட குடுத்து வெச்சிருக்கோம், ராத்திரில டீசலுக்கு. கடைச் சுவத்துல ஒரு அட்டை ஒட்டிருக்கோம், அதுல மூணு ஜேசிபி ஓனரோட நம்பர். ரெண்டு பேரு ரேட் சொல்லி எந்நேரமும் வர்றோம்னுட்டாங்க, மூணாவது ஆளு மட்டும் இன்னும் சொல்லல, ஞாயித்துக்கிழமை நேர்ல போய்க் கேக்கணும்.