கிணற்றடியில் ஒரு முகம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கடந்த ஒன்றரை மாதத்தில் நான்கு புதுப்படங்களைத் தியேட்டரில் பார்த்தேன். எல்லாம் தனியாகத்தான். என் கருத்துகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். போலீஸ் படம்: முதல் பாதி வேகம், இரண்டாம் பாதி வெறும் சத்தம். ஐந்துக்கு இரண்டரை. இரண்டாம் பாகமாக வந்த நகைச்சுவைப் படம்: முதல் பாகத்தின் நினைவை வைத்தே ஓட்டப் பார்க்கிறார்கள். ஒன்றரை. காதல் படம்: கதாநாயகி எல்லா வசனத்தையும் வாய்க்குள்ளேயே பேசுகிறார், பாதி புரியவில்லை. இரண்டு. பேய்ப்படம்தான் பெரிய ஏமாற்றம். ஒளிப்பதிவாளர் எல்லாவற்றையும் இருட்டில் எடுத்து வைத்திருக்கிறார். எல்லோரும் புகழும் கிணற்றடிக் காட்சியில் திரையில் ஒன்றுமே தெரியவில்லை. ஒன்று.

மறந்துவிடக் கூடாது என்று படம் ஓடும்போதே கைபேசியில் குறிப்பெடுத்துக்கொள்வேன். என் கேள்வி இதுதான்: படங்கள் மோசமாகிவிட்டனவா, இல்லை என் ரசனை மரத்துப்போய்விட்டதா? இனிமேல் சில வாரம் பொறுத்திருந்து வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா?

க.

அன்புள்ள க.,

ஒன்றரை மாதத்தில் நான்கு படங்களுக்குத் தனியாகப் போய் உட்காருகிற ஆளுக்கு ரசனை மரத்துப்போயிருக்காது. அந்தப் பயத்தை விடுங்கள்.

போலீஸ் படம் பற்றி நீங்கள் சொன்னது சரி. நகைச்சுவைப் படத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கப்போவதும் இல்லை. அந்த மதிப்பெண் கணக்கைத் தயவுசெய்து நிறுத்துங்கள். இரண்டுக்கும் இரண்டரைக்கும் நடுவில் என்ன இருந்தது என்று ஒரு மாதம் கழித்துக் கேட்டால் உங்களுக்கே சொல்லத் தெரியாது.

பேய்ப்படத்தைப் பற்றி எழுதிய வரிதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. நானும் அந்தப் படத்தைப் பார்த்தேன். கிணற்றடியில் அம்மா திரும்புகிறாள். நிலவு வெளிச்சம் அவளுடைய இடது கன்னத்தில் மட்டும் படுகிறது. உதடு அசைகிறது, குரல் வரவில்லை. பின்னால் கயிறு ஆடிக்கொண்டிருக்கிறது. இவ்வளவும் அந்தப் படத்தில் இருக்கிறது, க. நீங்கள் பார்த்த திரையில் இல்லை. அதற்கு ஒளிப்பதிவாளர் என்ன செய்வார்?

திரையில் விழ வேண்டிய வெளிச்சத்துக்கு ஓர் அளவு உண்டு. வெறும் வெள்ளையை ஓட்டினால் திரையின் நடுவில் 14 ஃபுட் லாம்பர்ட் இருக்க வேண்டும், வெளிச்சத்தை அளக்கும் இன்னோர் அலகில் சொன்னால் 48 நிட்ஸ். ஒளிப்பதிவாளரும், எடுத்த படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் சீராக்கும் கலரிஸ்டும் இந்த அளவுக்குச் சரிசெய்த திரையின் முன்னால் உட்கார்ந்துதான் எந்த முகம் எவ்வளவு தெரியலாம் என்று நாள்கணக்கில் மெனக்கெடுகிறார்கள். அப்புறம் படம் நம் தியேட்டருக்கு வருகிறது. ப்ரொஜெக்டருக்குள் எரியும் செனான் விளக்கு ஓட ஓட மங்கும். மாற்ற வேண்டிய மணிக்கணக்கு தாண்டிய பிறகும் அதையே ஓட்டுகிறவர்கள் உண்டு. ஆபரேட்டர் அறையின் கண்ணாடியில் தூசி படிந்திருக்கும். முப்பரிமாணப் படத்துக்கென்று போட்ட வெள்ளித் திரையாக இருந்தால் நடுவில் பளிச்சென்றும் ஓரங்களில் மங்கலாகவும் தெரியும். இதைவிடக் கொடுமை, முப்பரிமாணப் படத்துக்கு மாட்டிய லென்ஸைக் கழற்றாமலே சாதாரணப் படத்தையும் ஓட்டுவது. 2011இல் அமெரிக்காவில் பாஸ்டன் குளோப் நாளிதழ் இதைத் தோண்டி எழுதியது. சில வகை ப்ரொஜெக்டர்களில் நாமே இதைக் கண்டுபிடித்துவிடலாம். பின்னால் திரும்பிப் பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஒளிக்கற்றைகள் வந்தால் லென்ஸ் கழற்றப்படவில்லை.

பகல் காட்சிகள் இதிலெல்லாம் தப்பித்துவிடும். 48 பாதியாகக் குறைந்தாலும் வெயிலில் நிற்கிறவனின் முகம் தெரியும். ஆனால் இரவில், ஒரு கன்னத்துக்கென்று ஒதுக்கிய வெளிச்சமே கொஞ்சம்தான். அது பாதியானால் வெளியேறும் வழியைக் காட்டுகிற விளக்கின் வெளிச்சமே அதை அழித்துவிடும். மங்கிய விளக்கு முதலில் தின்பது, மிகக் கவனமாக எடுத்த காட்சிகளைத்தான். மோசமான படத்துக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை.

இயக்குநர்களுக்கு இது தெரியும். 1975இல் ஸ்டான்லி குப்ரிக் தன் படத்தோடு ஆபரேட்டர்களுக்குக் கடிதம் அனுப்பினார். படச்சட்டத்தின் அகல உயர விகிதம் 1.66, திரையில் வெளிச்சம் 15 ஃபுட் லாம்பர்ட்டுக்குக் குறையக் கூடாது, 18ஐத் தாண்டக் கூடாது என்று அதில் எழுதியிருந்தார். 2011இல் டெரன்ஸ் மாலிக்கும் அப்படி ஒரு கடிதம் அனுப்பினார். படத்தை முடித்த பிறகும் அவர்களுக்குக் கவலை தீரவில்லை. நாமோ இரண்டரை மணி நேரம் இருட்டையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஒளிப்பதிவாளருக்கு ஐந்துக்கு ஒன்று போடுகிறோம்.

நாம் என்று சேர்த்துத்தான் சொல்கிறேன். நான் இதைவிட மோசமாகச் செய்திருக்கிறேன். 15 வருடங்களுக்கு முன்னால் ஒரு சிற்றிதழில் பட விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு புது இயக்குநரின் படம். வீட்டுப் படிக்கட்டில் அண்ணனும் தம்பியும் ராத்திரியில் உட்கார்ந்திருக்கும் நீண்ட காட்சி. நான் பார்த்த தியேட்டரில் இரண்டு கறுப்பு உருவங்கள், அவ்வளவுதான். ‘இருட்டைக் காட்டிவிட்டு அதைக் கலை என்கிறார்கள்’ என்று எழுதினேன். ஒளிப்பதிவாளரின் பெயரையும் போட்டுத்தான் எழுதினேன். அது அவருக்கு முதல் படம்.

அடுத்த வருடம் ஒரு திரைப்படச் சங்கத்தின் திரையிடலில் அதே படம். அதே படிக்கட்டு. தம்பி அழுதுகொண்டிருந்தான். காட்சி முழுக்க அழுதுகொண்டே இருந்தான். அண்ணன் அதைக் கவனிக்காமல் தன் வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டே போகிறான். அந்தக் கண்ணீரைப் பார்த்தால்தான் கடைசியில் தம்பி ஏன் வீட்டை விட்டுப் போகிறான் என்பது புரியும். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். திருத்தம் எழுத அந்தச் சிற்றிதழ் இல்லை, நின்றுபோயிருந்தது. ஒளிப்பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. வராததில் நியாயம் இருக்கிறது.

இப்போது உங்கள் கைபேசி. அது எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. கண் இருட்டுக்கு முழுதாகப் பழகக் கிட்டத்தட்ட அரைமணி நேரம் ஆகும். திரையின் உச்ச வெளிச்சமே 48 நிட்ஸ் என்றேன். கைபேசித் திரையின் வெளிச்சம் அதைவிடப் பல மடங்கு போகக்கூடியது. ஒவ்வொரு முறை குறிப்பெடுக்கும்போதும் உங்கள் கண்ணை நீங்களே கூச வைத்துக்கொள்கிறீர்கள். பக்கத்தில் இருப்பவரின் கண்ணையும்தான். அவர் காசு கொடுத்து வாங்கிய இருட்டு அது. உங்களுக்கு அதன்மேல் என்ன உரிமை? மறந்துபோனால் போகட்டும். மறக்கிற காட்சியைக் குறித்து வைத்து என்ன செய்யப்போகிறீர்கள்?

கதாநாயகி வாய்க்குள் பேசுகிறார் என்றதிலும் எனக்குச் சந்தேகம். ஒலிக்கலவைக் கூடத்தில் ஒலியளவை 7இல் வைத்துத்தான் கேட்டு முடிவு செய்கிறார்கள். தியேட்டர்களில் இருக்கும் டால்பி ஒலிக்கருவிகளில் அதுதான் அளவு. தியேட்டரில் விளம்பரமும் டிரெய்லரும் அலறும், யாராவது புகார் சொல்வார்கள், ஆபரேட்டர் அதை 5க்கு இறக்குவார். படம் தொடங்கிய பிறகும் அது அங்கேயே இருக்கும். அடிதடி அப்போதும் கேட்கும். முணுமுணுப்பாகச் சொல்கிற வசனம் காணாமல் போகும். திரைக்குப் பின்னால் இருக்கும் நடு ஸ்பீக்கரில் கோளாறு என்றால் கேட்கவே வேண்டாம், வசனம் பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது.

இதையெல்லாம் எழுந்து போய்ச் சொல்ல வேண்டும். முதல் பத்து நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும். ஆபரேட்டரைத் திட்டாதீர்கள். பல திரைகளைத் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருப்பவராக இருக்கலாம். ‘படம் மங்கலாக இருக்கிறது, லென்ஸை ஒருமுறை பார்க்க முடியுமா’ என்றால் போதும். நான் கேட்ட இடங்களில் பாதியிலாவது ஏதோ ஒன்று சரியாகியிருக்கிறது.

வீட்டில் பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பாருங்கள், அதில் எனக்கொன்றும் வருத்தமில்லை. ஆனால் இந்தப் பேய்ப்படம் தியேட்டரில் இன்னும் ஓடுகிறது. வேறொரு தியேட்டரில், கைபேசியை அணைத்து வைத்துவிட்டு, இன்னொரு முறை போய் உட்காருங்கள். கிணற்றடியில் அம்மாவின் உதடு அசைகிறதே, அது மகனின் பெயர் என்று நான் நினைத்தேன். என்னோடு வந்த நண்பர் ‘வராதே’ என்கிறாள் என்று அடித்துச் சொல்கிறார். நீங்கள் பார்த்துவிட்டு எழுதுங்கள்.