தொலைவிலுள்ள சுவிட்சைக் கட்டளை வரியால் அமைக்கும்போது இணைப்பு அறுந்தால் என்ன செய்வது?

வவுனியாவில் இருந்தபடியே முல்லைத்தீவுக் கிளையின் சிஸ்கோ சுவிட்சின் (கணினிகளை வலையமைப்பில் இணைக்கும் கருவி) அமைப்பைக் கட்டளை வரி வழியாக, அதாவது கட்டளைகளைத் தட்டி, மாற்றலாமா, பிழைத்தால் மீள்வது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றலாம். ஆனால், தட்டிய கட்டளை என்டர் அழுத்திய கணமே நடைமுறைக்கு வந்துவிடும் என்பதை மறக்கக் கூடாது.

பல விலான்களின் (ஒரே வலையமைப்பை எண்ணிட்டுப் பிரித்த பகுதிகள்) தரவை ஒரே கேபிளில் கடத்தும் டிரங்க் இணைப்பில் 'சுவிட்ச்போர்ட் டிரங்க் அலவ்ட் விலான் 30' என்று கொடுத்தால், விலான் 30 பழைய பட்டியலோடு சேர்க்கப்படுவதில்லை. முன்பு அனுமதித்திருந்த பட்டியல் முழுவதும் நீங்கி, 30 மட்டுமே எஞ்சும். சேர்ப்பதற்கு, எண்ணுக்கு முன்னால் 'அட்' என்ற சொல் வேண்டும். அந்தச் சொல்லை விட்டதால் இணைப்பை இழந்து, கணினியைச் சுவிட்சோடு நேரடியாக இணைக்கும் கொன்சோல் கேபிளோடு மாங்குளம் வழியாக முல்லைத்தீவு வரை நான் பயணிக்க நேர்ந்தது. உண்மையில் அந்தப் பயணமே தேவையில்லை: மாற்றங்கள் சேமிக்கும்வரை தற்காலிக நினைவகத்தில் மட்டுமே இருப்பதால், அங்குள்ள ஒருவர் சுவிட்சின் மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுத்திருந்தால் பழைய அமைப்பே திரும்பியிருக்கும்.

ஆகவே, இருக்கும் அமைப்பை முதலில் சேமித்துவிட்டு, 'ரீலோட் இன் 10' என்று கொடுத்த பின்னரே மாற்றத் தொடங்குங்கள். இணைப்பு அறுந்தால் 10 நிமிடத்தில் சுவிட்ச் தானாக மறுதொடக்கமாகிப் பழைய நிலைக்கு வரும். எல்லாம் சரியென்றால் 'ரீலோட் கான்சல்' கொடுத்து, அதன் பிறகு 'கொப்பி ரன்னிங்-கொன்பிக் ஸ்டார்ட்அப்-கொன்பிக்' மூலம் சேமியுங்கள். தொலைவிலிருந்து நுழையும் பழைய முறையான டெல்நெட் கடவுச்சொல்லை மறைக்காமலே அனுப்புவதால், அதை மறையாக்கி அனுப்பும் எஸ்எஸ்எச் வழியாக மட்டும் நுழையுங்கள்.