கேள்வி–பதில்: மளிகைக் கடையும் கார்டு கட்டணமும்

கேள்வி: மளிகைக் கடை நடத்துகிறேன். வாடிக்கையாளர்கள் யுபிஐ, கிரெடிட் கார்டு, ரொக்கம் என விதவிதமாகப் பணம் தருகிறார்கள். இதனால் என் லாபம் குறையுமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: குறையும், ஆனால் எல்லா முறையிலும் அல்ல. வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ மூலம் வரும் தொகைக்கு 2020 ஜனவரி முதல் வணிகரிடம் பரிவர்த்தனைக் கட்டணம் வசூலிப்பதில்லை. பணம் வந்ததை அறிவிக்கும் ஒலிபெருக்கிப் பெட்டிக்கு மாத வாடகை மட்டும் இருக்கலாம். கிரெடிட் கார்டுக்கோ சுமார் 2 சதவீதக் கட்டணமும், ஒரே பரிவர்த்தனை 2,000 ரூபாயைத் தாண்டினால் அந்தக் கட்டணத்தின்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. 1,500 ரூபாய் அரிசி மூட்டையில் உங்களுக்கு 60 ரூபாய்தான் நிற்கிறது என்றால், கார்டு தேய்த்தவுடன் அதில் 30 ரூபாய் போய்விடும். எனவே கார்டு மெஷின் வாங்குமுன் கட்டண விகிதத்தை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

ரொக்கத்துக்குக் கட்டணம் இல்லை, மண்டியில் விடியற்காலைக் கொள்முதலுக்கும் அது உடனே உதவும். எனினும் உத்தேச வருமான வரி முறையில் (விற்பனையில் ஒரு பங்கையே லாபமாகக் கொண்டு வரி கணக்கிடும் முறை) ரொக்க விற்பனைக்கு 8 சதவீதமும், வங்கி வழி விற்பனைக்கு 6 சதவீதமும் லாபமாகக் கொள்ளப்படுவதால், அங்கே யுபிஐக்கே ஆதாயம்.

2025 ஜூலையில் கர்நாடகத்தில் யுபிஐ வரவை வைத்துச் சிறு வணிகர்களுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போனதால் பலர் ரொக்கத்துக்கே திரும்பினார்கள். அது தீர்வல்ல என்பது என் உறுதியான கருத்து. ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால், பணம் எப்படி வந்தாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். குடும்பப் பணமும் கடைப் பணமும் ஒரே கணக்கில் கலக்காமல், கடைக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்கிவிடுங்கள்.